சிங்கப்பூர் கடற்படைத் தளமும் செம்பவாங் கப்பல்பட்டறையும்

சிங்கப்பூர்த் தீவின் வடகரையில், ஜொகூர் நீரிணையை ஒட்டிய செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படை 1920களிலும் 1930களிலும் கட்டிய போர்க்கப்பல் தளம் இது. உலர்துறை, மிதவைத்துறை, பட்டறைகள், எண்ணெய்த் தொட்டிகள், ஆயுதக் கிடங்குகள், குடியிருப்புகள் எனத் தனி ஊராகவே எழுந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, கட்டியவர்களைவிடக் கைப்பற்றிய ஜப்பானியரே அதைக் கூடுதல் காலம் வைத்திருந்தனர்.

முதல் உலகப் போருக்குப் பின் ஜப்பானியக் கடற்படை வேகமாக வளர்ந்தது. அதே காலத்தில், டார்பிடோ தாக்குதலைத் தாங்குவதற்காகப் பக்கவாட்டில் புடைப்பு வைத்துக் கட்டப்பட்ட பெரும் போர்க்கப்பல்கள் அகலத்திலும் பெருத்தன. அவற்றை ஏற்றிப் பழுதுபார்க்கும் வசதி பிரிட்டனின் கீழைத் துறைமுகங்கள் எதிலும் இல்லை. 1921 ஜூனில் லண்டன் அமைச்சரவை சிங்கப்பூரைத் தேர்ந்தது. கீழைக் கடலில் ஒரு பெரும் கடற்படையை நிரந்தரமாக நிறுத்தப் பணம் போதாது. போர் வந்தால் ஐரோப்பாவிலிருந்து கப்பல்கள் வந்து சேரும், அதுவரை தளம் தாக்குப்பிடித்தால் போதும் என்பது திட்டம். அதாவது, கப்பல்கள் பிறகு வரும் என்ற நம்பிக்கையில் கப்பல்துறை முதலில் கட்டப்பட்டது. கப்பல்கள் வந்துசேர முதலில் 42 நாள் என்று கணக்கிட்டார்கள். 1939இல் அது 180 நாளாகிவிட்டது. இந்த ஓர் எண் மாற்றத்திலேயே தளத்தின் பலவீனம் முழுவதும் தெரிகிறது.

தீவின் தென்புறம் திறந்த கடலை நோக்கியது. வடபுற நீரிணை ஆழமானது. எதிரிக் கப்பல்களின் பீரங்கிக்கு எட்டாதது. ஆகவே செம்பவாங். நிலத்தை நீரிணைக் குடியேற்ற அரசு தந்தது. மலாய் கூட்டு மாநிலங்கள் 20 லட்சம் பவுண்டும், நியூசிலாந்து 10 லட்சமும், ஹாங்காங் 2.5 லட்சமும் கொடுத்தன. லண்டனில் ஆட்சி மாறும்போதெல்லாம் வேலையும் தடுமாறியது. 1924இல் தொழிற்கட்சி அரசு நிறுத்தியது. அடுத்து வந்த கன்சர்வேட்டிவ் அரசு தொடங்கியது. 1929க்குப் பின் மீண்டும் சுணக்கம். 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் நுழைந்த பிறகுதான் பணி விரைந்தது.

சதுப்புக்காட்டை வெட்டி, மேட்டை இறக்கி, பள்ளத்தை நிரப்பி எழுந்த தளம் இது. கட்டுமானத்திலும் பிறகு பட்டறைகளிலும் சீனரும் மலாய்க்காரரும் தமிழர், மலையாளி உள்ளிட்ட இந்தியரும் உழைத்தார்கள். ஆளுநர்களின் பெயரும் அட்மிரல்களின் பெயரும் நூல்களில் விரிவாக இருக்கின்றன. இந்தத் தொழிலாளர்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

50,000 டன் எடையைத் தூக்கவல்ல மிதவைத்துறை இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் கட்டப்பட்டு, 1928இல் சூயஸ் கால்வாய் வழியாக இழுத்துக் கொண்டுவரப்பட்டது. சுமார் 1,000 அடி நீளமுள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறையை 1938 பிப்ரவரி 14 அன்று ஆளுநர் ஷென்டன் தாமஸ் திறந்துவைத்தார். 1940 ஆகஸ்ட்டில், படைவீரர்களை ஏற்றிச்செல்லும் கப்பலாக மாறியிருந்த ‘குவீன் மேரி’ இங்கே துறையேறியது.

தரைவழித் தாக்குதலைப் பற்றி எச்சரிக்கை இல்லாமல் இல்லை. மலாயாவின் கிழக்குக் கரையில் பருவமழைக் காலத்திலும் எதிரி இறங்க முடியும் என்று தளபதி வில்லியம் டாபி 1937இலேயே சொன்னார். நான்கு ஆண்டு கழித்து அப்படியே நடந்தது. 1941 டிசம்பர் 2 அன்று தளத்துக்கு வந்த ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ ஆகிய இரு பெருங்கப்பல்களையும் டிசம்பர் 10 அன்று குவாந்தான் அருகே ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. ஏறத்தாழ 840 மாலுமிகள் மாண்டனர். பல ஆண்டுகளாகக் காத்திருந்த கடற்படை எட்டே நாளில் இல்லாமல் போனது.

1942 ஜனவரி இறுதியில் பிரிட்டிஷ் கடற்படையினர் தளத்தைக் காலிசெய்தனர். ஜனவரி 31 அன்று ஜொகூர்க் கடற்பாலம் தகர்க்கப்பட்டது. மிதவைத்துறையை அவர்களே மூழ்கடித்தார்கள். ஆயினும் ஏராளமான தளவாடங்கள் அப்படியே கிடந்தன. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. உலர்துறை திறக்கப்பட்டு நான்காண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன.

ஜப்பானியர் மிதவைத்துறையை மிதக்கவிட்டு, பட்டறைகளை இயக்கினர். பலெம்பாங் எண்ணெய் அருகிலேயே கிடைத்ததால் 1944இல் அவர்களின் பெரும் கப்பற்படை சிங்கப்பூருக்குத் தெற்கே லிங்காத் தீவுகளில் நங்கூரமிட்டது. செம்பவாங்கின் மதிப்பும் கூடியது. எனவே அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் வங்காளத்தின் கரக்பூர் பகுதியிலிருந்து நெடுந்தொலைவு பறந்து வந்தன. 1944 நவம்பர் 5 அன்று விழுந்த குண்டுகள் உலர்துறையின் வாயில்கதவைச் சேதப்படுத்தி, மூன்று மாதம் அதை முடக்கின. 1945 பிப்ரவரி 1 அன்று மிதவைத்துறை மூழ்கியது.

பாலவான் அருகே டார்பிடோவால் அடிபட்ட ‘தகாவோ’ என்ற கனரகக் குரூசர் 1944 நவம்பர் 12 அன்று இங்கே வந்து சேர்ந்தபோது, அதை முழுதாகச் சீராக்க வழியில்லை. நீரிணையில் நிலையாக நின்று, விமான எதிர்ப்புப் பீரங்கி மேடையாகவே காலம் கழித்தது. 1945 ஜூலை 31 அன்று எக்ஸ்.இ.3 என்ற பிரிட்டிஷ் குட்டி நீர்மூழ்கி அதன் அடியில் புகுந்து வெடிகளை வைத்தது. நீர்மூழ்கிக்குத் தலைமை தாங்கிய இயன் ஃப்ரேசருக்கும், மூழ்கி வெடிகளைப் பொருத்திய ஜேம்ஸ் மக்கென்னிசுக்கும் விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது.

1945 செப்டம்பரில் தளம் மீண்டும் பிரிட்டன் வசமானது. அதன் பிறகான கால் நூற்றாண்டில்தான் செம்பவாங் உண்மையில் ஓர் இந்தியத் தொழிலாளர் ஊராகச் செழித்தது எனலாம். கான்பெரா சாலைப் பகுதியில் தளத்தொழிலாளர் வழிபாட்டால் உருவான புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இப்போது ஈசூனில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அங்கே பெருங்கூட்டம் கூடும்.

சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகளைத் திரும்பப் பெறுவதை பிரிட்டன் 1968 ஜனவரியில் விரைவுபடுத்தியபோது, ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு கேள்விக்குறியானது. சிங்கப்பூர் அரசு அதே ஆண்டில் செம்பவாங் கப்பல்பட்டறை நிறுவனத்தைத் தொடங்கியது. டிசம்பரில், பெயரளவுக்கு ஒரு வெள்ளி விலைக்கு, பட்டறை கைமாறியது. போர்க்கப்பல்களுக்காக வெட்டிய அதே உலர்துறையில் எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் ஏறின.