விண்வெளி வியூக விளையாட்டுகளில் கணினி எதிராளி: வலிமையிலிருந்து வரம்பை நோக்கி

2005 நவம்பரில் சிங்கப்பூர் சன்டெக் அரங்கில் உலக சைபர் விளையாட்டுகளின் இறுதிப்போட்டி நடந்தது. அதில் இடம்பெற்ற ஆட்டங்களுள் ஒன்று, 1998இல் வெளிவந்த ‘ஸ்டார்கிராஃப்ட்: புரூட் வார்’ என்ற விண்வெளிப் போர் ஆட்டம். மேடையில் மோதியவர்கள் அனைவரும் மனிதர்கள். லிட்டில் இந்தியாவை ஒட்டிய சிம் லிம் ஸ்குவேரில் கணினி வாங்கிச் சென்று வீட்டில் தனியே பயின்றவருக்கோ, முன்கூட்டி எழுதிவைத்த கட்டளை வரிசையைப் பின்பற்றும் கணினியே எதிராளி. ஏறத்தாழ பதினாறு ஆண்டுகளுக்குப் பின், அதே ஆட்டம் சிங்கப்பூர் ஆய்வாளர்களின் சோதனைக்களமாயிற்று. இந்த இடைவெளியில் கணினி எதிராளி வலிமை பெற்றது என்பதோடு வரலாற்றை முடித்துவிடுவது வழக்கம். நல்ல எதிராளியை உருவாக்கியது வலிமை மட்டுமன்று, அது ஏற்றுக்கொண்ட வெளிப்படையான வரம்புகளும்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வரம்பற்ற வலிமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தொடக்கக் காலமே காட்டிவிட்டது. டக்ளஸ் லெனட் உருவாக்கிய ‘யூரிஸ்கோ’ நிரல், 1981இல் ‘டிராவலர்’ என்னும் மேசை விளையாட்டின் விண்கலப் போர்ப் போட்டிக்கு ஒரு படையை வடிவமைத்தது. மெதுவாக நகரும், கனத்த கவசம் பூண்ட கலங்களைப் பெருமளவில் குவித்த அந்தப் படை வென்றது. மறு ஆண்டு விதிகள் மாற்றப்பட்டன. நிரலோ அடிபட்ட தன் கலங்களைத் தானே அழித்துப் படையின் வேகத்தைக் காத்து மீண்டும் வென்றது. இன்னொரு முறை வந்தால் போட்டியையே நிறுத்த நேரும் என்று அமைப்பாளர்கள் சொன்னதும் லெனட் விலகிக்கொண்டார். நிரல் எந்த விதியையும் மீறவில்லை. ஆயினும் அதன் எதிரே ஆட்டம் ஆட்டமாக நீடிக்க முடியவில்லை.

1993இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ என்ற கணினி ஆட்டம் வேறு வழியில் சென்றது. அதன் கணினிப் பேரரசுகளுக்கு அமைதி விரும்பி, இரக்கமற்றவர், நிலையற்றவர் என ஆளுக்கொரு குணமும், அறிவியல், விரிவாக்கம், போர் என ஆளுக்கொரு நாட்டமும் வழங்கப்பட்டன. குணம் என்பது ஒரு வரம்பு: ஒருவர் எதைச் செய்யத் தயங்குவார் என்பது தெரிந்தால்தான் அவருடன் பேரம் பேச முடியும். ஆனால் கடின நிலைகளில் அதே ஆட்டம் கணினிக்கு உற்பத்திச் சலுகை கொடுத்தது. கடுமையான சவாலைத் தேடும் ஆட்டக்காரருக்குச் சலுகை தேவைதானே என்று கேட்கலாம். சலுகையால் எதிரியின் கப்பல்கள் பெருகும். அதன் சிந்தனை மாறாது. ‘ஏஐ வார்’ (2009) என்ற ஆட்டம் விண்மண்டலத்தையே தொடக்கத்தில் கணினியிடம் ஒப்படைக்கிறதே என்பது இன்னும் கூரிய மறுப்பு. அங்கே சமமின்மை விதியாகவே அறிவிக்கப்படுகிறது; எதிராளியின் கவனத்தை ஈர்க்காமல் வெல்வதுதான் ஆட்டம். ஆகவே கேள்வி சமத்துவத்தைப் பற்றியதன்று, வெளிப்படைத்தன்மையைப் பற்றியது.

இந்தக் கேள்வி 2019இல் உச்சத்தை எட்டியது. டீப்மைண்ட் நிறுவனத்தின் ‘ஆல்ஃபாஸ்டார்’ நிரல், ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ ஆட்டத்தில் இரு தொழில்முறை வீரர்களைப் பத்து ஆட்டங்களிலும் தோற்கடித்ததாக ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. தன் படைகளின் பார்வைக்கு எட்டிய பரப்பு முழுவதையும் அது ஒரே நேரத்தில் கண்டது. மனிதரோ திரையை நகர்த்தி நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். திரைக்கட்டுப்பாட்டை ஏற்ற வடிவம் நேரலையில் ஆடிய ஆட்டத்தில் மனித வீரர் வென்றார். அந்த வடிவம் ஒரு வாரமே பயிற்சி பெற்றிருந்ததால், இந்த ஒரு தோல்வியைத் தனிச் சான்றாகக் கொள்ள முடியாது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளியான ஆய்வே உறுதியான சான்று: திரைப்பார்வையும் 5 விநாடிக்கு 22 செயல்கள் என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்ட பின்னரும், தரவரிசை பெற்ற ஆட்டக்காரர்களில் 99.8 விழுக்காட்டினரை அது விஞ்சியது. வரம்பு திறமையை முடக்கிவிடவில்லை. வெற்றிக்கு எது காரணம் என்பதைத் தெளிவாக்கியது.

சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் ஆ ஹ்வீயும் சக ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘புரூட் வார்’ ஆட்டத்தில் அவர்கள் சோதித்த அமைப்பில் எல்லாப் படைகளையும் ஒரே மூளை ஆளவும் இல்லை, ஒவ்வொரு படையும் தன்போக்கில் போகவும் இல்லை. மேலே ஒரு தளபதி கட்டளையிட, கீழுள்ள அலகுகள் அதை ஏற்றுத் தம் முடிவுகளைத் தாமே எடுத்தன. அதிகாரத்தைப் பங்கிடும் இந்த அமைப்பும் ஒரு வரம்புதான். ஒருங்கிணைப்பும் நெகிழ்வும் அதனால் ஒருசேரக் கிடைத்தன. இனி ஒரு கணினி எதிராளியை மதிப்பிடும்போது அது எத்தனை பேரை வென்றது என்பதற்கு முன், எதைப் பார்த்தது, எவ்வளவு விரைவாகச் செயல்பட்டது, யார் முடிவெடுத்தார் என்பவற்றைப் பதிவு செய்ய வேண்டும். அந்த விவரங்கள் இல்லாத வெற்றிக் கணக்கு ஆய்வுக்குச் சான்றாகாது.