தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "லைப்ரரிக்குப் போற மாடிப்படியிலப்பா. ஹால்ல ஒரே சத்தம்" என்றாள். சொல்லிவிட்டு போனைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. நானும் பள்ளிக்கூடத்தில் ஒதுக்குப்புறமாக ஓர் இடம் தேடியவன். ஆனால் அடுத்தவர் சத்தம் பிடிக்காமல் போகவில்லை. என் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று போனேன்.

அலுமினியத் தட்டின் சத்தம் அது. புத்தகப் பைக்குள் எப்படி வைத்தாலும் ஜாமெட்ரி பாக்ஸில் இடித்து 'ணங்' என்று ஒரு குரல் கொடுக்கும். அதைக் கேட்டதும் முன்பெஞ்சு திரும்பிப் பார்க்கும். சத்துணவுக்காரன்.

எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கியது 1982 ஜூலை 1 அன்று. அப்போது நான் நாலாவது. வகுப்பில் பாதிப்பேர் தட்டோடுதான் வந்தோம், யாருக்கும் வெட்கமில்லை. முதலில் பத்து வயதுவரை என்றிருந்ததை 1984இல் பதினைந்து வயதுவரை நீட்டித்தார்கள். நான் ஆறாம் வகுப்புக்கு மேல்நிலைப் பள்ளி போன வருஷம் அது. எனக்கென்றே நீட்டித்த மாதிரி அம்மா சந்தோஷப்பட்டாள். ஆறாம் வகுப்புப் பையனுக்கு வெட்கம் முளைத்துவிடும் என்பதை எந்த அரசாணையில் எழுத முடியும்?

எங்கள் பள்ளியில் சமையல்கட்டு வந்தது, சாப்பிட ஒரு கூடம் வரவில்லை. வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் வகுப்பறைக்குள் வட்டமாக உட்காருவார்கள். அந்த வட்டங்களும் பெரும்பாலும் தெருவாரியாகத்தான் அமையும். சத்துணவு வாங்கினவர்கள் வராந்தாவில், வெயில் வந்தால் மரத்தடியில். வகுப்புக்குள் இருப்பவன் ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்க்கலாம். நான் தட்டை வாங்கிக்கொண்டு நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடுவேன்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் போனால் அங்கே ஏற்கெனவே ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். "ஏல, ஒனக்கென்னல இங்க வேல?" என்றேன், ஏதோ என் அப்பா வாங்கிப்போட்ட மனை மாதிரி. அவன் மூடியைத் திறந்து காட்டினான். கருவாட்டுக் குழம்பு. வகுப்புக்குள் சைவக்காரப் பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்களாம், வாத்தியார் இவனைத்தான் வெளியே போய்ச் சாப்பிடச் சொன்னாராம். எனக்குத் தட்டின் சத்தம், அவனுக்குக் குழம்பின் வாசனை. இரண்டு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டோம். சத்துணவு சாம்பார் சாதத்துக்குக் கருவாடு மாதிரி தொடுகறி கிடையாது. இன்றைக்கும் சொல்வேன்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் பள்ளிச் சாப்பாட்டின் வரலாற்றைப் படித்தேன். சென்னை மாநகராட்சி, தியாகராய செட்டியார் தலைவராக இருந்த 1920இல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகக் கூடாது. பிறகு காமராஜர் காலத்து மதிய உணவு, 'கேர்' அமைப்பின் மாவு, 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை, 2022இல் மதுரையில் ஸ்டாலின் தொடங்கிவைத்த காலை உணவு. எல்லாம் பெரிய காரியங்கள். அதில் ஒரு திட்டத்தின் சோற்றைத் தின்று வளர்ந்தவன் நான், குறை சொல்ல வாயில்லை. ஆனால் இந்த வரலாறு அணாவாகவும் கிராமாகவும்தான் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளை எந்த இடத்தில், யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது என்பதற்கு அந்தக் கணக்கில் பத்தி கிடையாது.

அந்தக் கேள்வியே பெரிய சண்டையானது சேரன்மாதேவியில். எங்கள் ஊரும் அதே தாமிரபரணிக் கரைதான், ஆனால் பள்ளியில் யாரும் எங்களுக்கு அதைச் சொன்னதில்லை. வ.வே.சு. ஐயர் 1922இல் அங்கே குருகுலம் தொடங்கினார். தேசியக் கல்வி, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து வாழும் இடம் என்று சொல்லிப் பணம் திரட்டினார். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 5000 ரூபாய் கொடுத்தது. அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு. அவர்களுடைய பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப்பந்தி எதற்கு என்று கேட்டார்கள். காங்கிரசே இரண்டுபட்டது. 1925 ஜூனில் பாபநாசத்தில், கல்யாண தீர்த்தத்தில் தவறி விழுந்த மகள் சுபத்ராவைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்தார். அதே வருஷம் நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார்.

ஐயர் செய்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டு பேருக்குத் தனி இலை போட்டால் மற்றவர்களின் இலைக்கு ஒரு தாழ்வு வந்துவிடுகிறது. வகுப்பறை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவனுக்கு அது புத்தகம் படிக்காமலே புரியும். ஆனாலும் அந்த இரண்டு பையன்களை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அவர்கள் அந்த இடத்தைக் கேட்டு வாங்கவில்லை, பெற்றோர்தான் கேட்டார்கள். நூறு பேர் பேசிய அந்தச் சண்டையில் அவர்கள் இரண்டு பேரும் தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். அடுத்த பந்தியின் சிரிப்புச் சத்தம் கேட்டிருக்கும்தானே?

ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் மறுபடி கேட்டேன், அந்தப் படியில் வேறு யார் உட்காருகிறார்கள் என்று. மூன்று பேர் என்றாள். அதில் ஒரு பெண் டிபன் பாக்ஸ் மூடியைக் குத்துக்கட்டாக நிறுத்தி மறைத்துக்கொண்டுதான் சாப்பிடுவாளாம்.

"என்ன கொண்டு வர்றா?"

"நாங்க கேட்டதில்லப்பா. அவளுக்கு ஊறுகாய் மட்டும் வைப்போம்."