ஓடமும் வண்டியும்



'அகதி' என்னும் சொல்லுக்குக் கதியற்றவர் என்பது பொருள். அச்சொல்லின் முழுப் பொருளையும் உணர விரும்புவோர் மேற்கு ஆப்பிரிக்காவின் அண்மைக்கால வரலாற்றைப் பயிலுதல் வேண்டும்.

லைபீரியாவைச் சூழ்ந்து நிற்பன சியரா லியோன், கினி, ஐவரி கோஸ்ட் என்னும் மூன்று நாடுகள். நிலப்படத்தில் இவற்றைப் பிரிக்கும் கோடுகள் அங்கு வாழும் மக்களைக் கேட்டு வரையப்பட்டவை அல்ல. லைபீரியாவில் கியோ என்றும், ஐவரி கோஸ்டில் யாக்கூபா என்றும் வழங்கப்பெறுவோர் ஒரே குடியினரே.

1989 டிசம்பர் 24ஆம் நாள், சார்லஸ் டெய்லரின் படையினர் ஐவரி கோஸ்டிலிருந்து லைபீரியாவின் நிம்பா மாவட்டத்துள் புகுந்தனர். அரசுப் படையினரோ அங்குள்ள கியோ, மானோ மக்களைப் பகைவராகக் கருதி வதைத்தனர். உயிர் தப்பியோர் எல்லை கடந்து ஓடினர். அவர்களுள் பலரை முதலில் ஏற்றவை கூடாரங்கள் அல்ல. அயல்நாட்டுச் சிற்றூர்களின் குடிசைகளே. 1991 மார்ச்சில் போர்த்தீ சியரா லியோனுக்கும் பரவிற்று. வறிய நாடாகிய கினி ஒரு காலத்தில் ஏறத்தாழ 5 லட்சம் அகதிகளைத் தாங்கி நின்றது.

அவ்விருந்தோம்பலுக்கும் சோதனை வந்தது. 2000 செப்டம்பரில் கினியின் எல்லையூர்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. அம்மாதம் 9ஆம் நாள், குடியரசுத் தலைவர் லன்சானா கோண்டே வானொலி வாயிலாகப் பேசினார். அகதிகளிடையே கிளர்ச்சியாளர் ஒளிந்துள்ளனர் என்று கூறி, அவர்களைப் பிடிக்குமாறு மக்களைத் தூண்டினார். தலைநகர் கோனாக்ரியில் அகதிகள் அடித்து விரட்டப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் காவலில் அடைக்கப்பட்டனர். போரால் விரட்டப்பட்டோரும் அகதிகளே என்றும், அடைக்கலம் அளித்தல் எவருக்கும் பகையாகாது என்றும் ஆப்பிரிக்க நாடுகள் 1969ஆம் ஆண்டிலேயே உடன்படிக்கை செய்திருந்தன. ஏட்டில் எழுதிய அறத்தை ஒரு வானொலிப் பேச்சு ஒரே இரவில் மறக்கச் செய்தது. ஒலிவாங்கியின் முன் அமரும் என்போன்றோர் இதனை என்றும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

சியரா லியோனில் 2002 ஜனவரியிலும், லைபீரியாவில் 2003 ஆகஸ்டிலும் போர் ஓய்ந்தது. அகதிகள் ஊர் திரும்பலாயினர். ஆனால் வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 2010ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலையொட்டி ஐவரி கோஸ்டில் கலகம் மூண்டது. 2011இல் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் லைபீரியாவுக்குள் தஞ்சம் புகுந்தனர். அவர்களுக்கு வீட்டைத் திறந்து, இருந்த அரிசியைப் பகிர்ந்தளித்த ஊர்களுள் நிம்பா மாவட்டத்து ஊர்களும் இருந்தன!

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது நம் முன்னோர் மொழி. நிம்பாவின் மக்கள் அதனைக் கேட்டறியார்; ஆயினும் வாழ்ந்தறிந்தனர். அடைக்கலம் கேட்டு வருவோரைக் கண்டு நாம் ஐயுறும்போது, அவர்கள் திறந்த கதவுகளை எண்ணிப் பார்ப்போமாக.