ஒழுகும் படகு: அலுமினியமும் தண்ணீரும்

மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சும் நாரும் திணித்து, மேலே பிசினும் எண்ணெயும் பூசி நீர் புகாமல் அடைக்கும் தொழிலுக்குத் தமிழில் கலப்பற்று என்றொரு பெயர் உண்டு. பலகையும் பலகையும் கூடுமிடத்தில் கசியும் என்பதை மரக்கலம் கட்டியவர்கள் அறிந்தே இருந்தனர். மரம் நீரில் ஊறிப் பருக்கும். இடுக்கு தானாகவே ஓரளவு மூடிக்கொள்ளும். உலோகத்துக்கு அந்த இரக்கம் கிடையாது. அலுமினியப் படகு ஒழுகத் தொடங்கினால் அது தானாக நிற்பதில்லை. அந்த ஒழுக்கலைத் தேடிப் போனால், வியப்பூட்டும் ஒரு வரலாற்றுக்குள் நுழைந்துவிடுகிறோம்.

1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் அலுமினியக் கூம்பு ஒன்றை வைத்தார்கள். அன்று அது அத்தனை அரிய உலோகம். 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் முறையைக் கண்டனர், விலை சரிந்தது. எடை குறைவு, துருப்பிடிக்காது என்ற இரு புகழுரைகளோடு அலுமினியம் தண்ணீரில் இறங்கிற்று. ஆல்பிரட் நோபெலிடமும் அலுமினியப் படகு ஒன்று இருந்தது.

அந்தப் புகழுரைகளில் இரண்டாவது எவ்வளவு அரைகுறையானது என்பதைக் காட்டியது 'டிஃபெண்டர்' என்னும் பந்தயப் பாய்க்கப்பல். 1895ஆம் ஆண்டின் அமெரிக்கக் கோப்பைப் போட்டிக்காக நத்தானியல் ஹெரஷாஃப் அதை ரோட் தீவு மாநிலத்துப் பிரிஸ்டலில் கட்டினார். சட்டங்கள் எஃகு, நீர்மட்டத்துக்குக் கீழே மாங்கனீசு வெண்கலத் தகடு, மேலே அலுமினியம். மேற்பாரம் குறைந்ததால் கப்பல் விரைந்தது. டன்ரேவன் பிரபுவின் 'வால்கைரி III' கலத்தை எதிர்த்துக் கோப்பையையும் காத்தது. ஆனால் செம்பு கலந்த வெண்கலமும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டு நின்றால் அது படகன்று, மின்கலம். அந்த மின்கலத்தில் கரைந்துபோவது எப்போதும் அலுமினியம்தான். 1899இல் புதிய பந்தயக் கலத்துக்குப் பயிற்சித் துணையாகச் செப்பனிட்டு மிதக்க விட்டார்கள். 1901இல் உடைத்துப் போட்டார்கள். ஆறே ஆண்டுகள். தன் காலத்தின் மிகச்சிறந்த கப்பல் கட்டுநர் இதை அறியாமல் செய்தாரா, ஒரு பருவத்து வெற்றி போதும் என்று அறிந்தே செய்தாரா? இரண்டாவதையே நாம் நம்புகிறோம். பந்தயக் குதிரைக்கு யாரும் முதுமையை எண்ணித் தீனி போடுவதில்லை.

மீன் பிடிப்பவருக்கோ முதுமை வரை உழைக்கும் படகு வேண்டும். அது போர் விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1944இல் கிரம்மன் விமான நிறுவனத்தின் துணைத்தலைவர் வில்லியம் ஹாஃப்மன் அடிரோண்டாக் மலைப்பகுதிக்கு மீன்பிடிக்கச் சென்றார். ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே, கித்தான் போர்த்திய மரத்தோணியைச் சுமந்து நடந்த களைப்பில், இதை விமானத் தகட்டிலேயே செய்தாலென்ன என்று தோன்றிற்று. 1945இல் கிரம்மன் தோணிகள் விற்பனைக்கு வந்தன. மினசோட்டாவில் அலுமாக்ராஃப்ட், கிரெஸ்ட்லைனர், லண்ட் என்று பெயர்கள் பெருகின. ஏரிகள் நிறைந்த அந்த நன்னீர் நிலம் அலுமினியத்துக்கு ஏற்ற இடமாயிற்று; டிஃபெண்டரைத் தின்ற உப்பு அங்கே இல்லை.

ஆனால் விமானத்தின் உத்தியோடு விமானத்தின் நோயும் சேர்ந்தே வந்தது. தகட்டின் மேல் தகடு படிய வைத்து, துளையிட்டு, ஆணி செருகி, ஒருவர் தலைப்பக்கம் அடிக்க மற்றவர் மறுபுறம் இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடிக்க, ஆணியின் வால் நசுங்கி இறுகும். தறையாணி என்று அகராதி சொல்லும். பட்டறையில் ரிவெட் என்றால்தான் விளங்கும். போர்க்காலத்தில் பெண்கள் திரண்டு செய்த வேலை இது. 1943இல் நார்மன் ராக்வெல் வரைந்த ரோஸியின் மடியில் கிடப்பது இந்த ரிவெட் துப்பாக்கிதான். படகு அலையில் அறைபடும்போதும், வண்டியில் ஏற்றிக் கரடுமுரடான சாலையில் இழுக்கப்படும்போதும் ஆணிகள் மயிரிழை மயிரிழையாகத் தளர்கின்றன. எஃகு ஓர் அளவுக்குட்பட்ட உலுக்கலைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அலுமினியமோ ஒவ்வோர் உலுக்கலையும் நினைவில் வைக்கும்.

ஒழுக்கலைக் கண்டுபிடிக்கும் வழி, படகின் இயல்பையே தலைகீழாக்குவது. படகைக் கரையேற்றி, அடியில் மரக்கட்டைகள் கொடுத்து, வடிகால் அடைப்பானை இறுக்கி மூடி, உள்ளே தண்ணீர் ஊற்றுகிறார்கள். நான்கைந்து அங்குலம் போதும். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1000 கிலோ, பேராசைப்பட்டால் தகடு வளைந்துவிடும். வெளிப்புறத்தை உலரத் துடைத்துவிட்டுக் காத்திருந்தால், ஆணித்தலையைச் சுற்றி ஒரு துளி அரும்பும். அங்கே மெழுகுக் கோலால் ஒரு வட்டம். துளி சொட்டும் இடத்தை நம்பக்கூடாது; நீர் அடிமுதுகு வழியே ஓடி வேறெங்கோ விழும். அரும்பும் இடமே சாட்சி.

இதே முறையை 1954இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் உலகமே கவனித்தது. வானில் சிதறிய காமெட் விமானங்களின் மர்மத்தை அறிய, ஒரு முழு விமான உடலைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, உள்ளேயும் நீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். சன்னல் மூலைகளை ஒட்டிய விரிசல் வெளிப்பட்டது. அங்கே பல உயிர்கள் போன பிறகு கேட்கப்பட்ட கேள்வியை, ஏரிக்கரையில் குளிர்நீரில் இறங்குமுன் கேட்கிறார்கள்.

கண்ட பின் அடைப்பதில்தான் அவசரக்காரர்கள் தோற்கிறார்கள். கைக்கு எட்டிய சிலிகோன் பசையைப் பூசிவிடுவார்கள். அது உரிந்துவிடும், அது பட்ட இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது. தளர்ந்த ஆணியை இருவராக நின்று மீண்டும் நசுக்கி இறுக்குவதே முதல் மருத்துவம். துளை அகன்றிருந்தால் சற்றுப் பருத்த ஆணி. ஒருபுறமிருந்தே இழுத்து அடிக்கும் ரிவெட் என்றால் முனை மூடியதாக இருக்கவேண்டும். சாதாரண வகையின் நடுத்துளை வழியே நீர் வரும். விரிசலுக்குப் பற்றவைப்பு வேண்டும். அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன் மேல் படர்ந்த ஆக்சைடுப் படலம் 2000 பாகையைத் தாண்டியே உருகும். அந்தப் படலத்தைச் சுரண்டி நீக்காமல் பற்றவைக்க முனைபவர் பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் புதிய ஓட்டையைப் பெறுவார்.

செம்பு மட்டும் இன்னும் விடவில்லை. படகின் அடியில் தேங்கிய நீரில் மறந்துபோன ஒரு செப்புக் காசு தகட்டைத் துளைத்துவிடும். 2003 முடிவில் அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான பலகைகளிலிருந்து ஆர்சனிக் கலந்த காப்பு மருந்து விலக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த மருந்துகளில் செம்பு கூடுதல். மட்கிப்போன பின்பலகையை எடுத்துவிட்டு, மட்காது என்று நம்பி அந்தப் பலகையை வைத்துத் தைத்தவர்கள் உண்டு. அவர்கள் பலகை மட்கவில்லை. அதைத் தொட்டுக்கொண்டிருந்த அலுமினியம் வெண்பொடியாக உதிர்ந்தது.