துண்டுக்குள்ள ஒரு முதல் சந்திப்பு: கண்ணபுரம் சந்தையும் விற்பனைக் கலையும்

விற்பனையாளர் முதல் சந்திப்பில் எப்படி நடந்துக்கணும்னு எழுதி வைக்கிற பழக்கத்துக்கு ஒரு பழைய உதாரணம் அமெரிக்காவில் இருக்கு. டேட்டன் நகரத்து நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனி 1887-ல் தன் ஆட்களுக்காக ஒரு சின்ன கையேடு தயாரித்தது. கடைக்காரரிடம் என்ன பேசணும், பேசும்போது மெஷினில் எந்த இடத்தைக் காட்டணும் என்பது வரை அதில் இருந்தது. முதலாளி ஜான் பேட்டர்சன் அதை மனப்பாடமே செய்ய வைத்தார். 1936-ல் டேல் கார்னகியின் புகழ்பெற்ற புத்தகம் வந்தபிறகு, சிரிச்ச முகமும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதும் உலகம் முழுக்கப் பாடமாகிவிட்டது.

அதே 1936-ல் சென்னையில் அரசு அச்சகம் இன்னொரு புத்தகம் போட்டது: லிட்டில்வுட் எழுதிய தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூல். நம்ம காங்கேயம் மாடு அதில் வருது. அந்த மாடு விற்கிற சந்தையில் முதல் சந்திப்பு எப்படி நடக்குதுன்னு பார்த்தா, டேட்டன் பாடத்துக்கு நேர் எதிரா இருக்கும்.

வெள்ளகோவிலில் இருந்து காங்கேயம் போற வழியில், ஓலப்பாளையம் பக்கம் இருக்கு கண்ணபுரம். சித்திரையில் மாரியம்மன் திருவிழாவை ஒட்டி அங்கே மாட்டுச் சந்தை கூடும். வாங்க வர்றவர் முதலில் விற்கிறவர் முகத்தைப் பார்க்கறதில்லை. மாட்டைப் பார்ப்பார். வாயைத் திறந்து பல் பிடிப்பார். "ஏனுங்க, எத்தனை பல்லுங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னாலும், அவரே ஒருக்கா எண்ணிப் பார்த்துக்குவார். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடைசியில் எட்டும் முளைத்துக் கடை சேர்ந்தது என்று வயசுக் கணக்கு அதிலேயே தெரிஞ்சிடும். அப்புறம் சுழி, குளம்பு. நாலு எட்டு நடக்க விட்டுப் பார்ப்பதும் உண்டு.

விலை பேசுற நேரம் வந்தால் தோளில் கிடக்கிற துண்டு இறங்கும். ரெண்டு கையும் துண்டுக்குள்ள போகும். விரலைப் பிடிச்சா ஒரு தொகை, மடக்கினா வேற தொகை. சுத்தி நிற்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பேரம் படியலைன்னா கையை உருவிட்டுப் போகலாம். யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. அடுத்து வர்றவரும் முன்னவர் கேட்ட விலை தெரியாமல் புதுசாத்தான் ஆரம்பிக்கணும்.

இது கொங்குக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. இத்தாலியப் பயணி லுடோவிகோ வர்த்தேமா 1505 வாக்கில் கள்ளிக்கோட்டையில் இதைப் பார்த்திருக்கிறார். அங்கே தரகர் துணி மறைவில் விற்கிறவர் விரலைத் தொட்டு விலை கேட்டு, அதே மாதிரி வாங்குகிறவரிடம் போய்ப் பேசி முடிப்பார். 1510-ல் ரோமில் அச்சான அவர் நூலில் இது இருக்கு. 1676-ல் வெளியான தவெர்னியேவின் பயண நூல் வைரச் சுரங்கங்களில் நடந்த பேரத்தின் கணக்கையே தருகிறது: முழுக் கையைப் பிடித்தால் 1000, ஐந்து விரல் 500, ஒரு விரல் 100, நடுக் கணு வரை பாதி விரல் 50, நுனி 10. வைரமானாலும் மாடானாலும் பொருளைக் கண் முன்னாடி வெச்சுச் சோதிக்கலாம். அதனால் முகத்துக்கும் பேச்சுக்கும் வேலை குறைவு.

அப்போ துண்டுதான் சிறந்த முறையா? அவ்வளவு சுலபமா சொல்ல முடியாது. விற்கிறவரும் வாங்குறவரும் நேரடியாகக் கை கொடுத்தால் பிரச்சினை இல்லை. நடுவில் தரகர் வந்துட்டா, அந்தப் பக்கம் என்ன தொகை சொன்னாங்கன்னு விவசாயிக்கு எப்படித் தெரியும்? தரகர் சொன்னதுதான் கணக்கு. வருஷம் பூரா வளர்த்த ஒரு ஜோடி காளையை விற்க வந்தவருக்கு அந்த வித்தியாசம் சின்னது இல்லை. அவர் நம்ப வேண்டியது எதிரில் இருப்பவரை இல்லை, நடுவில் இருப்பவரை.

விளைபொருள் சந்தைகளிலும் இதே சிக்கல் இருந்தது. துணி மறைவில் விலை பேசுவது விவசாயியை ஏமாற்ற வழி விடுகிறது என்ற விமர்சனம் வலுத்தது. 1928-ல் அறிக்கை தந்த ராயல் விவசாய கமிஷன் ஒழுங்குமுறைச் சந்தைகள் வேண்டும் என்றது. 1933-ல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைகளுக்கான சட்டம் வந்தது. மாடு அதில் அடங்காது. இன்னைக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நடக்கிற மறைமுக ஏலத்தைப் பாருங்க. வியாபாரிகள் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல்தான் விலை எழுதிக் கொடுக்கிறாங்க. ஆனா கடைசியில் உயர்ந்த விலை எதுன்னு விவசாயிக்குத் தெரிஞ்சிடும். ரகசியம் அப்படியே இருக்கு. அது யாரிடம் இருந்து என்பதுதான் மாறியிருக்கு.

சாஃப்ட்வேர்த் துறையில் இருக்கிறவனுக்கு இதில் ஒரு பாடம் தெரியுது. நாங்க விற்கிற பொருளுக்குப் பல் பிடிச்சுப் பார்க்க முடியாது. இன்சூரன்ஸும் அப்படித்தான். வாங்குறவரால் சோதிக்க முடியாத இடத்தில்தான் இஸ்திரி போட்ட சட்டையும் பயிற்சி எடுத்த சிரிப்பும் அவ்வளவு பெரிசாகுது. அதனால் முதல் சந்திப்புக்குப் போகும்போது எப்படிப் பேசணும்னு யோசிக்கிற நேரத்தில் பாதியையாவது, அவர் தன் கையால் சோதிச்சுப் பார்க்க எதைக் கொடுக்கலாம் என்பதற்குச் செலவழிக்கலாம். கண்ணபுரத்து ஆள் மாட்டை நாலு எட்டு நடக்க விடுற மாதிரி.