மலிவுக் காலம்: விலையும் கூலியும் பற்றிய ஒரு நோக்கு

"அக்காலத்திலே ஒரு கொத்து அரிசி 25 சதம், சிகரட்டைச் சதக்கணக்கிலே வாங்கினோம், ஒரு ரூபாவைக் கொண்டு சந்தைக்குப் போனால் கடகம் நிறையச் சாமானுடன் திரும்பினோம்" என்று முதியோர் கூறக் கேளாதார் நம்முள் இலர். கூறுவோர் பொய் கூறுகின்றாரல்லர். அவர் நினைவிலுள்ள விலைகள் பெரும்பாலும் மெய்யானவையே. ஆயினும் மனித நினைவுக்கு ஒரு வினோத இயல்புண்டு. கொடுத்த விலையை அது பல்லாண்டு பேணிவைக்கின்றது. பெற்ற கூலியை எளிதில் மறந்துவிடுகின்றது. வரலாற்று மாணவன் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். அவற்றோடு, அவ்விலையை நிருணயித்தவர் யாவர் என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும்.

முதலிற் நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் ரூபாவை நூறு சதமாகப் பகுக்கும் முறை 1872ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அன்று வெளியிடப்பட்ட செப்பு நாணயங்களுள் அரைச் சதமும் கால் சதமும் இருந்தன. கால் சதத்துக்கு ஒரு பொருள் வாங்கலாம் என்பதையே நாம் வியந்து பேசுகின்றோம். கால் சதத்தையும் எண்ணிப் பார்த்துச் செலவிடவேண்டிய நிலையிலிருந்த மக்களுக்காகவே அந்நாணயம் அடிக்கப்பட்டது என்பதை எண்ணுவாரில்லை.

கூலிக்கும் அரிசிக்குமுள்ள தொடர்பைத் தெளிவாகக் காட்டும் சான்று மலைநாட்டுத் தோட்டங்களிலே கிடைக்கின்றது. இந்தியத் தொழிலாளருக்குரிய குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் நிறைவேறியது. அதன்படி உயர்நிலத் தோட்டங்களில் ஆடவருக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்டிருக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. தோட்டத்தில் வழங்கப்படும் அரிசியின் விலை புசலொன்றுக்கு 4 ரூபா 80 சதத்துக்கு மேற்படலாகாது என்பதும் விதி. புசலுக்கு 32 கொத்து. ஆகவே கொத்து 15 சதமாகின்றது. கேட்போர் நாவூறும் விலைதான். ஆனால் ஆண்மகனொருவன் காலைமுதல் மாலைவரை மலைச்சரிவில் உழைத்துப் பெற்ற 54 சதமும் முழுவதாக அரிசிக்கே போயினும், அவனுக்குக் கிடைத்தது மூன்றரைக் கொத்துக்குச் சற்று மேலேயாம். கொத்து ஏறக்குறைய இரண்டு இறாத்தலாதலின், இன்றைய நிறையில் இது 3¼ கிலோ. 2024ஆம் ஆண்டு இறுதியில் தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்கூலி 1,350 ரூபா. நாட்டரிசிக்கு அரசு விதித்த உச்ச விலை கிலோ 230 ரூபா. அக்கூலிக்கு ஐந்தே முக்காற் கிலோவுக்கு மேல் வரும். இதனால் இன்றைய தொழிலாளி செழிப்பாக வாழ்கின்றான் என்று யாரும் கொள்ளற்க. அவன் வாங்கவேண்டிய பொருள்கள் அரிசியோடு நிற்பனவல்ல. வேலை எல்லா நாளும் கிடைப்பதுமில்லை. 15 சத அரிசியை 230 ரூபா அரிசியினும் மலிவென்று கூறுவது மட்டும் பொருந்தாது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டி அந்த 54 சதமும் குறைக்கப்பட்டது என்பதையும் இங்குக் குறித்தல் தகும்.

இனி, முதியோர் பெரிதும் போற்றும் 25 சத அரிசிக்கு வருவோம். 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோயிற்று. பங்கீட்டு முறை அவ்வாண்டிலேயே தொடங்கியது. 'கூப்பன்' என்னும் சொல் நம் வீடுகளிலே புகுந்ததும் அப்போதே. யுத்தம் முடிந்தது, கூப்பன் முடியவில்லை. 1950இல் மூண்ட கொரிய யுத்தத்தால் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. அதே யுத்தத்தால் முதலில் உயர்ந்த நம் இறப்பரின் விலையோ பின்னர் வீழ்ந்தது. 1952 இறுதியில் சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது இந்நெருக்கடியின் விளைவே. சங்கக்கடையில் கொத்து 25 சதத்துக்கு விற்ற அரிசியின் உண்மை அடக்கவிலை ஏறத்தாழ 70 சதம். இடைப்பட்ட 45 சதத்தைத் திறைசேரி தாங்கியது.

1953ஆம் ஆண்டு ஜூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா அப்பாரத்தை ஒரேயடியாக இறக்கிவைத்தார். கூப்பன் அரிசி 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகைவண்டிக் கட்டணமும் தபாற் கட்டணமும் ஏறின. ஆகஸ்டு 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. அன்று மந்திரிசபை கூடியது தரையிலன்று. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிலே கூடியது! துப்பாக்கிச் சூட்டிற் பலர் மாண்டனர். ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அடுத்து வந்த சேர் ஜோன் கொத்தலாவலையின் அரசு விலையை 55 சதமாகக் குறைத்தது. 1960இல் அது மீண்டும் 25 சதத்துக்கே வந்து சேர்ந்தது. 1962இற் பங்கீட்டில் அரைக்கொத்தைக் குறைக்க முனைந்த நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்காவும் அப்பதவியை விடவேண்டி நேர்ந்தது. 1966 இறுதியில் டட்லி சேனநாயக்கா இரண்டு கொத்தை ஒன்றாக்கினார். ஆனால் அந்த ஒன்றை விலையின்றிக் கொடுத்தார். மற்றக் கொத்தைச் சந்திரனிலிருந்தாவது கொண்டுவருவோம் என்ற பேச்சு 1970ஆம் ஆண்டுத் தேர்தல் மேடைகளில் முழங்கியது. ஆட்சி மாறியது. 25 சதம் என்பது சந்தை தானாக இட்ட விலையன்று. வாக்கும் வரியும் குருதியுங்கூட இட்ட விலை.

சிகரட்டின் கதை இதற்கு நேர்மாறானது. அரிசியின் விலையை அடக்கத்துக்குக் கீழே இழுத்துப் பிடித்த அதே திறைசேரி, சிகரட்டின் விலையை அடக்கத்துக்கு மேலே ஏற்றிக்கொண்டே வந்தது. இன்று பெயர்பெற்ற சிகரட் ஒன்று நூறு ரூபாவுக்கும் அதிகம். அதிற் பெரும்பகுதி தீர்வையாக அரசுக்கே செல்கின்றது. கடைவாசலிலே தொங்கிய எரிகயிற்றிற் பற்றவைத்துப் புகைத்த காலத்து விலையை இன்றைய விலையோடு ஒப்பிடுவோர், தாமறியாமலே வரிவரலாற்றைப் பேசுகின்றனர். விலைவாசியை அளப்பதற்குச் சிகரட்டைப்போற் பொருந்தாத அளவுகோல் வேறில்லை எனலாம்.

யாழ்ப்பாணத்தார்க்கு இவ்விடயத்தில் இன்னொரு பார்வையும் உண்டு. நாம் வாங்குவோர் மட்டுமல்லர், விற்போருமாவோம். நம் தோட்டத்துப் புகையிலை மலையாளத்துக்குப் போயிற்று; சுருட்டாகித் தென்னிலங்கை நகரங்களின் சுருட்டுக்கடைகளுக்கும் போயிற்று. அங்கே சுருட்டு மலிவென்று மகிழ்ந்தவனது மலிவு, இங்கே துலாமிதித்து நீரிறைத்தவனது வருமானக் குறைவு. 1970 முதல் 1977 வரை அரசு மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. தெற்கிலே அவ்வாண்டுகளைப் பாண் வரிசையும் சோதனைச் சாவடியுமாகவே நினைவுகூர்கின்றனர். அதே ஆண்டுகளை வலிகாமத்துத் தோட்டக்காரர் பொற்காலம் என்பர். செத்தல் மிளகாயின் விலையால் கல்வீடு எழுந்தது. பிள்ளைகள் மேற்படிப்புக்குச் சென்றனர். 1977இற் கதவு திறந்து இறக்குமதி மிளகாய் மலிவாக வந்தபோது வாங்குவோர் மகிழ்ந்தனர், அத்தோட்டங்கள் வாடின. கூப்பனுக்குப் பதிலாக 1979இல் உணவு முத்திரை வந்தது. முத்திரையிலிருந்த ரூபாத் தொகை மாறாதிருக்க, விலைகள் மாறிக்கொண்டே சென்றன. சில ஆண்டுகளிலே அதன் பெறுமதி பாதியாயிற்று. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி ஓராண்டில் ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்தபோது, மாதச் சம்பளம் பெறும் நம்போன்றோரும் அம்முத்திரைக்காரரின் நிலையை ஒருவாறு உணர்ந்தோம்.

விலையை இடம் நிருணயித்த காலமும் நம்மிடையே உண்டு. 1990 முதல் வடக்குக்குப் பொருள்கள் செல்வது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி ஆகியவை அரும்பொருள்களாயின. ஜாம் போத்தலிலே சிறிதளவு எண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கிலே பிள்ளைகள் படித்தனர். இக்கட்டுரையாளரும் அவருள் ஒருவர். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி, வானொலிச் செய்தி கேட்டோம். அரிசி சதத்துக்கு விற்ற காலத்தை அன்றும் முதியோர் சொல்லிக்கொண்டுதான் இருந்தனர். இரு கரையிலும் வழங்கியது ஒரே ரூபா. ஒரே மத்திய வங்கியின் நோட்டு. கொழும்பிலே மண்ணெண்ணெய்க்கு ஒரு விலை. கிளாலிக் கடலைக் கடந்தபின் அதனிற் பன்மடங்கான வேறொரு விலை.