குழியிலும் குகையிலும் கிடந்த மிருகங்கள்

இரத்தினபுரியில் மாணிக்கக்கல் தேடிக் குழி வெட்டுவோர் நாடுவது 'இல்லம்' எனப்படும் சரளைப் படையை. அதைக் கழுவும்போது சில வேளைகளில் கறுத்துக் கனத்த எலும்புத் துண்டுகளும் பற்களும் அகப்படும். விலைபோகாத அந்தப் பொருளை விரும்பிச் சேர்த்தவர் பி. ஈ. பி. தெரணியகல. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த அவர், நீர்யானையும் காண்டாமிருகமும் ஒரு காலத்தில் இங்கே திரிந்தன என்பதை அவற்றைக் கொண்டே நிறுவினார். குருவிட்டவில் கிடைத்த பல்லை வைத்து 1939 இல் இலங்கைச் சிங்கத்துக்கு ஒரு விஞ்ஞானப் பெயரும் சூட்டினார். (கொடியில் வாளேந்தி நிற்கும் சிங்கத்தை இதனோடு முடிச்சுப் போடுவதற்கில்லை. பல்லுக்குரிய சிங்கம் எந்த வரலாற்று நூலும் எழுதப்படுவதற்கு மிக முன்னரே மறைந்துவிட்டது.)

நீர்யானை இருந்ததென்றால் ஆழமான நீரும், கரையில் மேய்வதற்குப் புல்லும் இருந்திருக்க வேண்டும். இன்றைய சபரகமுவக் காட்டை வைத்து அந்த நிலத்தைக் கற்பனை செய்ய முடியாது. ஆனால் ஆறு புரட்டிச் சேர்த்த சரளையில் எது முந்தியது, எது பிந்தியது என்று பிரிப்பது கடினம். அந்த விஷயத்தில் குகைகளே நம்பகமானவை.

களுத்துறை மாவட்டத்திலுள்ள பாஹியன்கல குகையின் எலும்புகளை ஆராய்ந்தோர் 2019 இல் தமது முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் அங்கு வந்த மனிதர் விட்டுச்சென்ற எலும்புகளில் பெரும்பகுதி குரங்குகளுடையவையும் மர அணில்களுடையவையும். வெட்டுக் காயங்களும் எரிந்த தடங்களும் அவை உணவானதைக் காட்டுகின்றன. குரங்கின் எலும்பிலிருந்தே கருவிகளும் செய்தனர். அகப்பட்டவை பெரும்பாலும் வளர்ந்த விலங்குகள்; குட்டிகள் குறைவு.

இந்த வேட்டை சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை நீடித்தது. அப்படியிருந்தும் அக்குரங்குகள் அழியவில்லை. இன்றோ ஊதாமுக மந்தியின் மேற்குக் கிளையினம் மிகக் கடுமையான ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டு வேட்டை செய்யாததை, மேல் மாகாணத்தில் காடு துண்டாடப்பட்டது சில தலைமுறைகளுக்குள் செய்துவிட்டது. அன்று மனிதர் தொகை சொற்பம் என்பதை மறக்கக் கூடாதுதான். ஆயினும் அம்மந்திக்கு முதலில் வேண்டியது தொடர்ச்சியான மரவிதானம் என்பதே எனது வாசிப்பு.

குகை எலும்புகளை அக்காலத்து விலங்குகளின் குடிசன மதிப்பீடாக எடுத்துக்கொள்வாரும் உளர். அது பிழை. அவை மனிதர் தூக்கி வந்தவற்றின் கணக்கு மட்டுமே. யானையைக் கொன்றாலும் குகைக்குச் சுமந்து வர யாரால் முடியும்?

இவை பழங்கதையாகவே நின்றுவிடவில்லை. காட்டெருதின் எச்சங்களும் இரத்தினபுரியில் கிடைத்தன. நமது காட்டெருமை வேறு, இது வேறு. சிங்களத்தில் 'கவரா' என்பர். கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து மீண்ட றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில் இதைக் குறிப்பிடுகிறார். அதன் பின்னர் இவ்வினம் இங்கிருந்து அற்றுப்போயிற்று. 2022 இல் இலங்கை, மீண்டும் குடியேற்றவென்று இந்தியாவிடம் காட்டெருதுகளைக் கேட்டது.

எங்கே விடுவது? புல்வெளியிலா, மலைக்காட்டிலா? பற்சிப்பியிலுள்ள காபனின் வகைகளை அளந்தால் ஒரு விலங்கு வெயில் நிலத்துப் புல்லை மேய்ந்ததா, நிழற்காட்டு இலைகளைத் தின்றதா என்பது தெரியும். இந்நாட்டின் ஆதி மனிதர் மழைக்காட்டு உணவிலேயே தங்கியிருந்தனர் என்பதை 2015 இல் இதே முறை அவர்களது பற்களைக் கொண்டு காட்டியிருக்கிறது. பழைய காட்டெருதின் பல்லொன்றும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடும். கப்பலில் விலங்குகளை ஏற்றுவதற்கு முன் அதைக் கேட்டுப் பார்ப்பதற்குப் பெரிய செலவும் ஆகாது.